28,500 ரூபாய்க்கு ஓர் இலவச மென்பொருள்

எரிச்சலில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பெங்களூரு எஸ்.பி. ரோடு பக்கம், மாடியில் இருக்கும் ஒரு டேட்டா மீட்புக் கடை. பெயர் எழுதவில்லை.

2 டிபி ஹார்ட் டிஸ்க். திருக்கடையூரில் அப்பாவுக்கு நடந்த சதாபிஷேகப் படங்கள் அதில்தான். ஒரு வாரமாகத் திணறித் திணறித் திறந்தது, ஆனாலும் திறந்தது. அதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் ஒன்றும் தெரியாமல் போகவில்லை. இப்படித் திணறும் டிஸ்கைக் கணினியில் நேரடியாகப் படித்தால், கெட்ட செக்டாரிலேயே, அதாவது தரவு பதியும் சிறு துண்டிலேயே, மாட்டிக்கொண்டு முட்டி முட்டி, தட்டைப் படிக்கும் ஹெட்டை இன்னும் கெடுத்துவிடும். டீப்ஸ்பார் மாதிரியான, டிஸ்கை அப்படியே நகலெடுக்கும் இமேஜர் கருவி, குறித்த நேரத்துக்குள் பதில் வராவிட்டால் அந்த இடத்தை விட்டுத் தாண்டிவிடும். டிஸ்க் உறைந்துபோனால் மின்சாரத்தைத் துண்டித்து மறுபடி எழுப்பும். பிசி-3000 என்ற கருவி, டிஸ்கை இயக்கும் உள் மென்பொருளான ஃபர்ம்வேருக்குள்ளேயே புகுந்து அங்குள்ள கோளாறையும் சரிசெய்யும். இரண்டில் எது இருக்கிறது என்று கேட்டேன்.

“இரண்டுமே இருக்கிறது சார்” என்றார் ஓனர். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் பச்சை விளக்கு மினுக்கிய கறுப்புப் பெட்டியைக் காட்டினார். காபி வந்தது. என் பேச்சைக் கேட்டுவிட்டு, “மாயவரம் பக்கமா? என் மாமியார் ஊர் குத்தாலம்” என்றார். அவ்வளவுதான், 28,500 ரூபாயை எண்ணி வைத்துவிட்டேன். ரசீதில் ‘சர்வீஸ்’ என்று ஒரே சொல். அதைக்கூடப் பார்க்கவில்லை, மடையன்.

பிறகு பத்து நாள் அலைச்சல். “இமேஜ் ஓடுகிறது.” “இன்ஜினியர் ஊருக்குப் போயிருக்கிறார்.” ஒரு நாள் பையன் போனை எடுத்து, ஓனர் இல்லை என்று கன்னடத்தில் சொன்னான், பின்னால் ஓனர் இருமுவது கேட்டது.

நேற்று ஒரு பென் டிரைவ் தந்தார்கள். ரீகப்_டிர்.1, ரீகப்_டிர்.2 என்று ஃபோல்டர்கள். உள்ளே ‘எஃப்’ எழுத்தும் நீள எண்ணுமாகப் பெயர் கொண்ட படங்கள். ஃபோட்டோரெக் என்ற கோப்பு மீட்பு மென்பொருள் வைக்கும் பெயர் அது! யாரும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். மென்பொருள் நல்லதுதான், அதன்மேல் குறையில்லை. ஆனால் 28,500 ரூபாயா? கலச நீர் ஊற்றும் படத்தில் அப்பாவின் மூக்குக்குக் கீழே எல்லாம் சாம்பல் நிறப் பட்டை.

கேட்டால், “ஹெட் போய்விட்டது சார், நாங்கள் என்ன செய்ய?” திறந்துகொண்டிருந்த டிஸ்க் இப்போது டக், டக் என்கிறது. இனி எந்த இமேஜரும் உதவாது. தூசியில்லா அறையில் திறந்து ஹெட் மாற்ற வேண்டும்.

என்னென்ன கேட்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை போய்விட்டது. முழுப் பணத்தை முன்னால் கொடுக்காதீர்கள். கருவியின் பெயர் ரசீதில் வரட்டும். எந்த செக்டார் படித்தது, எது படிக்கவில்லை என்ற கணக்கைக் கேளுங்கள். திணறும் டிஸ்கில் நீங்களும் எதையும் ஓட்டிப் பார்க்காதீர்கள்.

1915 நுகர்வோர் எண்ணில் புகார் சொல்லிவிட்டேன். நாளை கடை திறக்கும் முன்பே அந்த மாடிப்படியில் உட்காரப் போகிறேன், 28,500 ரூபாய் ரசீதோடு.