நரம்பு பிளாக்கில் டெக்சாமெத்தசோன்: பயன்படுத்திப் பார்த்தவரின் கருத்து

நள்ளிரவில் வார்டிலிருந்து போன் வந்தால் எதற்கு என்று எடுக்கும் முன்பே மயக்க மருத்துவருக்குத் தெரியும். காலையில் மணிக்கட்டு முறிவுக்குப் பிளேட் வைத்தவர், கழுத்துப்பட்டை எலும்புக்கு மேலே நான் போட்ட பிளாக்கின் (கை நரம்புகளை மரக்க வைக்கும் ஊசியின்) தயவில் மத்தியானம் சிரித்தபடி சாப்பிட்டவர், மரப்பு விட்டதும் துடித்துக்கொண்டிருப்பார். அந்த வலி கொஞ்சம் கொஞ்சமாக ஏறாது, மொத்தமாக வந்து இறங்கும்.

அதனால்தான் மரப்பு மருந்தோடு இன்னொன்றைச் சேர்த்து நேரத்தை நீட்டப் பார்க்கிறோம். மரப்பு மருந்துகளில் லிக்னோகெயினுக்குத்தான் அட்ரினலின் நன்றாக உதவும், நீண்ட நேரம் நிற்கும் பியூபிவக்கெயினோடு பெரிய லாபம் இல்லை. ஊசி ரத்தக்குழாயில் போயிருந்தால் நாடி எகிறிக் காட்டிக்கொடுக்கும் என்பதற்காகவே நான் அதைச் சேர்ப்பேன். குளோனிடின் இரண்டு மணி நேரம்போல நீட்டும், ஆனால் பிபியை இறக்கும். டெக்ஸ்மெடிடோமிடின் உண்மையிலேயே நல்ல மருந்து, பிளாக் சீக்கிரம் பிடிக்கவும் செய்கிறது. ஆனால் ஏற்கனவே நாடியை மெதுவாக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடும் ஒரு பெரியவருக்கு நாடி 42க்கு இறங்கி, அட்ரோபின் போட்டுத் தூக்க வேண்டியிருந்தது. அன்றிலிருந்து ஆளைப் பார்த்துத்தான் போடுகிறேன். பூப்ரினார்ஃபின் வலியைக் கேட்கும், கூடவே வாந்தியும் வரும். மிடாசோலமை நரம்புப் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம், ஆய்வகச் சோதனைகளில் நரம்புக்குக் கெடுதல் காட்டியிருக்கிறது.

சரி, டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்துக்கு வருகிறேன். விலை மிகக் குறைவு, எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும். வெறும் பியூபிவக்கெயின் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வலியைத் தாங்கினால், 4 மில்லிகிராம் டெக்சா அதோடு ஆறேழு மணி நேரத்தைக் கூட்டிக்கொடுக்கிறது. கேட்கச் சின்னக் கணக்கு. ஆனால் காலை பதினோரு மணிக்குப் போட்ட பிளாக் இரவு பதினொன்றுக்கு விடுவதற்கும் விடிந்த பிறகு விடுவதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று ஒரு இரவு விழித்துக் கிடந்தவரைக் கேட்டால் தெரியும். வாந்தியும் குறைகிறது.

குறைகளும் உண்டு. நரம்பைச் சுற்றிப் போட இந்த மருந்துக்கு முறையான அனுமதி இல்லை. பல குப்பிகளில் கெடாமல் இருக்கச் சேர்க்கும் ரசாயனம் இருக்கும். ரோபிவக்கெயின் என்ற இன்னொரு மரப்பு மருந்தோடு கலந்தால் படிகம் படியும். ஒருமுறை சிரிஞ்சுக்குள் வெள்ளையாகக் கலங்கியதைப் பார்த்து அப்படியே குப்பையில் போட்டேன். இதையெல்லாம் யோசித்து இப்போது நரம்பில் போடுவதையே விட்டுவிட்டேன், கையில் ரத்தக்குழாயில் போட்டிருக்கும் வென்ஃப்ளான் ஊசிக்குழாய் வழியாகவே ஏற்றுகிறேன். பல ஆய்வுகளைச் சேர்த்து அலசி 2017இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்விலும் நரம்பில் போட்டால் சுமார் மூன்று மணி நேரம்தான் கூடுதல். மெதுவாக ஏற்றுங்கள். விழித்திருப்பவருக்குச் சட்டென்று தள்ளினால் பிறப்புறுப்பைச் சுற்றிச் சுருசுருவென்று எரியும், அதைச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு நெளிவார்கள். சர்க்கரை நோயாளிக்கு மறுநாளும் அளவு ஏறி நிற்கும், அடிக்கடி பார்க்க வேண்டும்.

கை மறுநாள் வரை மரத்தே இருக்கும் என்று நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், எனக்கு இதில் ஒரு வருத்தம் இருக்கிறது. ஒரு அம்மாவிடம் சொல்ல மறந்துவிட்டேன். மறுநாள் காலை ரவுண்ட்ஸ் போனபோது மரத்த கையை இன்னொரு கையால் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "டாக்டரு, இந்தக் கை அவ்ளோதானா?" என்று கேட்டார். இரவு முழுக்க அந்தப் பயத்திலேயே தூங்கவில்லையாம். மத்தியானத்துக்குள் விரல்கள் எல்லாம் அசைந்தன, ஆனால் அந்த இரவை என்னால் திருப்பித் தர முடியாது.

இப்போது எல்லோரிடமும் சொல்கிறேன்: நாளைக் காலை வரை கை தொங்கும், தூளியிலேயே இருக்கட்டும், சூடான டம்ளர் பக்கம் கொண்டுபோகாதீர்கள். விரல் நுனியில் குறுகுறு என்று தொடங்கியதும் மாத்திரையைப் போடுங்கள், வலி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். கடைசி வரியை மட்டும் அவர்கள் சீட்டிலேயே பேனாவால் பெரிதாக எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.