எங்கள் ஊர் நூலகத்துக்கு யார் காசு கொடுப்பது?

திருப்பூர் மாவட்டத்தில் பல்லடத்துக்குத் தெற்கே, தறிச்சத்தம் ஓயாத ஊர் எங்களுடையது. ஊர்ப்புற நூலகம் ஒன்று இருக்கிறது. போன வைகாசியில் ஒரு நாள் பொழுதோட அங்கே போனேன். ஃபேன் ஓடவில்லை. ஜன்னலோர பெஞ்சில் பெரியவர் ஒருவர் துண்டால் விசிறிக்கொண்டே முந்தாநாள் பேப்பரைப் படித்துக்கொண்டிருந்தார். "ஏனுங்க தம்பி, இன்னைக்கும் பேப்பரு வர்லீங்களா?" என்று என்னைக் கேட்டார். ஏஜென்டுக்குப் பாக்கி விழுந்து இரண்டு நாளாகப் பேப்பர் நின்றிருந்தது. அவர் தலைக்கு மேல் சுவர் முழுக்கப் புரவலர்களின் பெயர்கள். ஓடாத அந்த ஃபேனின் இறக்கையிலும் 'உபயம்' என்று ஒரு பெயர்.

அன்றைக்கு ஆரம்பித்த பேச்சு இது. இந்த நூலகம் ஒழுங்காக நடக்க யாரிடம் காசு கேட்பது? ஊரில் நாலு பேர் நாலு வழி சொல்கிறார்கள். நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் எல்லோரும் சொல்வது நன்கொடை. கொங்கு நாட்டில் கொடுக்கிற கைக்குப் பஞ்சமில்லை. கோயில் கும்பாபிஷேகமோ பள்ளிக்கூடச் சுற்றுச்சுவரோ, கேட்டால் கிடைக்கும். நூலகத்திலும் 1,000 ரூபாய் கட்டினால் புரவலர் ஆகலாம். எங்கள் பீரோக்களும் நாற்காலிகளும் அப்படி வந்தவைதான். அந்த நல்ல மனதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் நன்கொடை பொருளாக, ஒரே ஒரு தடவை வருகிறது. மாதாமாதம் வருகிற கரண்ட் பில்லுக்கு யாரும் உபயம் எழுதுவதில்லை. பருத்தி நூல் விலை ஏறி ஆர்டர் குறைந்த வருஷம், நன்கொடை கொடுக்கிற கம்பெனிகள் முதலில் நிறுத்துவதும் இதைத்தான். நிறுத்தினால், ஏன் நிறுத்தினீர்கள் என்று போய்க் கேட்க முடியுமா? கொடுத்தவரிடம் கேள்வி கேட்கிற உரிமை நமக்கு இல்லை.

அடுத்தது எம்.எல்.ஏ. நிதி. தொகுதி மேம்பாட்டுக்கென்று ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் இருக்கிறது, கேட்டால் தருவார் என்கிறார்கள். தரலாம். ஆனால் அது கட்டடத்துக்கும் தளவாடத்துக்கும் ஆகிற பணம். கட்டடம் மட்டும் போதாது என்பதற்குத் தமிழ்நாடு முழுக்கச் சாட்சி நிற்கிறது. 2006 முதல் 2011 வரை அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில், 12,618 கிராம ஊராட்சிகளிலும் ஊருக்கு ஒரு நூலகம் என்று கட்டினார்கள். அவ்வளவு பெரிய காரியத்தை இன்றைக்கு நினைத்தாலும் மலைப்பாக இருக்கிறது. ஆனால் எத்தனையோ ஊர்களில் அந்தக் கட்டடங்கள் பூட்டிக் கிடக்கின்றன. பக்கத்து ஊரில் நான் பார்த்தது அப்படித்தான். கதவிடுக்கு வழியாகப் பார்த்தால் உள்ளே பிளீச்சிங் பவுடர் மூட்டைகளும் உடைந்த தெருவிளக்குகளும். பீரோவின் கீழ்த்தட்டில் கரையான் ஏறி, ஒரு கலைக்களஞ்சியத் தொகுதி பாதிக்கு மேல் மண்ணாகியிருந்தது. கட்டியது தப்பே இல்லை. திறந்து வைத்திருக்க ஆண்டுதோறும் காசு வேண்டுமே, அது தொடர்ந்து வரவில்லை.

மூன்றாவது, "அதுதான் கோயமுத்தூரிலேயே பெருசா வருதே" என்கிற பேச்சு. காந்திபுரத்தில் 300 கோடி ரூபாயில் பெரியார் நூலகமும் அறிவியல் மையமும் கட்ட 2024 நவம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். எனக்கு அதில் சந்தோஷம்தான். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருஷத்துக்கு நாலு தடவை போவேன். ஆனால் எங்கள் மாவட்டத்துக் குண்டடத்துப் பெண் குழந்தை பள்ளிக்கூடம் விட்டு வந்து ஒரு மணி நேரம் படிக்க வேண்டுமென்றால், அவளுக்கு வேண்டியது நடந்து போகிற தூரத்தில் திறந்திருக்கிற ஓர் அறை. இந்த வழியைப் பற்றி இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

மிச்சம் இருப்பது உள்ளாட்சிக் காசு. அதிலும் இரண்டு கிளை உண்டு. எங்களுக்குள் உண்மையான வாக்குவாதம் இங்கேதான்.

ஒன்று, நாம் ஏற்கெனவே கட்டிக்கொண்டிருக்கும் நூலக வரி. வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், தனியாக ஒரு வரி இருக்கும். அன்றைய சென்னை மாகாணத்தில் 1948-ல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டம்தான் இதற்கு அடிப்படை. அந்தச் சட்டம் வந்தபோது கல்வி அமைச்சராக இருந்தவர், திருப்பூரில் பிறந்து கோவையில் கல்வி நிலையங்களை வளர்த்த தி.சு. அவினாசிலிங்கம். நூலகத்தை அரசின் தயவிலோ தனவந்தர் தயவிலோ விடாமல், ஊர்க்காரர் வரியோடு கட்டிப்போட்ட சட்டம் அது. நம் மண்ணில் பிறந்தவர் கொண்டுவந்தது என்பதில் எனக்குப் பெருமை உண்டு. இன்றைக்குச் சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி. 1,200 ரூபாய் வரி கட்டும் வீடு நூலகத்துக்கு 120 ரூபாய் கொடுக்கிறது. உள்ளாட்சி அதை வசூலித்து, மாவட்டத்துப் பொது நூலகங்களை நடத்தும் மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் கட்ட வேண்டும்.

இதன் பெரிய பலம், பணம் மாவட்டத்துக்குப் பொதுவாகிவிடுவது. திருப்பூர் நகரத்துக் கம்பெனிக் கட்டடங்கள் கட்டும் வரி, மூலனூர்ப் பக்கத்து வானம் பார்த்த ஊருக்கும் புத்தகமாகப் போகலாம். அந்தந்த ஊர் வரி அந்தந்த ஊருக்கே என்று மாற்றினால் ஏழை ஊர்களின் நூலகங்கள் மூடிப்போகும். அதனால் அந்த மாற்றத்தை நான் ஒருநாளும் கேட்கமாட்டேன். பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. வசூலித்ததைக் கட்டாமல் நிலுவை வைக்கும் உள்ளாட்சிகள் உண்டு. ஒழுங்காகக் கட்டினாலும், மாவட்டம் முழுக்க ஆளுக்கும் புத்தகத்துக்குமாகப் பிரிகிற பணத்தில் எங்கள் ஊர் ஃபேனுக்கும் பேப்பர் பாக்கிக்கும் முறை எப்போது வரும்?

இன்னொன்று, ஊராட்சி தன் சொந்த நிதியிலிருந்து ஆண்டுதோறும் நூலகத்துக்கென்று ஒரு தொகை ஒதுக்குவது. ஊராட்சிக்கு இது சம்பந்தமில்லாத வேலை என்று சிலர் சொல்கிறார்கள். அது சரியில்லை. அரசியலமைப்பின் 11-வது அட்டவணையில் ஊராட்சிகளுக்குச் சொன்ன 29 பொருள்களில் 20-வது நூலகம். நகரங்களுக்கான 12-வது அட்டவணையில் நூலகம் என்ற சொல் இல்லை, கல்வி பண்பாட்டு வளர்ச்சி என்று பொதுவாக இருக்கிறது. ஆனாலும் கோவை ஆடிஸ் வீதியில் மாநகராட்சியே நூலகமும் படிப்பகமும் சேர்ந்த அறிவுசார் மையம் அமைத்திருக்கிறது, போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் அங்கே போகிறார்கள். மனது வைத்தால் உள்ளாட்சியால் முடியும்.

சொந்த நிதிக்கும் குறை உண்டு. மில் இருக்கிற ஊராட்சியும் மானாவாரி ஊராட்சியும் ஒன்றல்ல. தலைவர் மாறினால் அக்கறையும் மாறலாம். ஆனால் நான்கு வழியிலும், நாம் எழுந்து நின்று கணக்குக் கேட்க முடிகிற இடம் இது ஒன்றுதான். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்தில் ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. தலைவர் இருந்தாலும், தேர்தல் நடக்காமல் அவர் இடத்தில் தனி அலுவலர் இருந்தாலும் அங்கே கேட்கலாம். வசூலான நூலக வரி எவ்வளவு, அதில் கட்டியது எவ்வளவு என்று கேட்டுத் தீர்மானத்தில் ஏற்றச் சொல்லலாம்.

அதனால் என் முடிவு, இரண்டும் வேண்டும் என்பது. நூலகருக்கும் புத்தகத்துக்கும் நூலக வரி. அது பாக்கியில்லாமல் போய்ச் சேர வேண்டும். கரண்ட், பேப்பர், கூட்டிப் பெருக்குவது, முக்கியமாகச் சாயங்கால நேரம், இவற்றுக்கு ஊராட்சி நிதி. தறிக்காரர்களுக்கு ராத்திரி எட்டு மணிக்குத்தான் ஷிப்ட் முடிகிறது. அப்போது நூலகம் பூட்டியிருந்தால், வரி கட்டும் பாதி ஊருக்கு அது இல்லாத மாதிரிதான்.

எவ்வளவு ஆகும் என்று உட்கார்ந்து எழுதிப் பார்த்தோம். இரண்டு தமிழ்ப் பேப்பருக்கு மாதம் 500, கரண்டுக்கு 500, கூட்டுவதற்கு 1,000, ராத்திரி ஒன்பது வரை பார்த்துக்கொள்ள ஊரில் படித்த பெண்ணுக்கோ பையனுக்கோ 3,000. ஆண்டுக்கு 60,000 ரூபாய். ஊராட்சிச் செயலர் தாளை இரண்டு தடவை படித்துவிட்டு, "எழுதிக் குடுங்கண்ணா, அக்டோபர் கூட்டத்துல வெச்சுப் பார்க்கலாம்" என்றார். எழுதிவிட்டோம். இப்போது வீடு வீடாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம். முதல் கையெழுத்து, பேப்பர் வரவில்லையா என்று கேட்ட அந்தப் பெரியவருடையது.