சரியான குளிரில் மட்டும் நிற்கும் ஃபேர்னஸ்: 2016 இல் போட்டதிலிருந்து இன்றுவரை

வீட்டைச் சூடாக்கும் எங்கள் காஸ் ஃபேர்னஸில் எனக்குள்ள பெரிய முறைப்பாடு ஒன்றுதான். ஒக்டோபரில் ஓடும், ஏப்ரலில் ஓடும், மைனஸ் 5 இல் இருக்கிற இடமே தெரியாமல் ஓடும். மைனஸ் 20 என்று வானிலை அறிக்கை சொல்கிற இரவில் நின்றுவிடும். எந்த இரவுக்காக அதை வாங்கினோமோ அந்த இரவில்தான் நிற்கும்.

போன மாதம் ஒருவழியாகக் காரணத்தைக் கண்டுபிடித்துத் திருத்தியாயிற்று. அதே வாரம் அஜாக்ஸில் வீடு பார்த்திருக்கும் மச்சான் போன் எடுத்தான். "அத்தான், உங்கட வீட்டில இருக்கிறதையே நானும் போடட்டோ?" போனில் ஓம் என்றும் சொல்ல முடியவில்லை, வேண்டாம் என்றும் சொல்ல முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

மெஷின் என்னவென்று ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன்: எரிகிற காஸின் சூட்டில் 96 சதவீதத்தைப் பயன்படுத்துவது, சின்னது பெரியது என்று இரண்டு ஸ்டேஜில் எரிவது, ரொறொன்ரோவின் ஸ்காபரோவில் 2010க்குப் பிறகு மாற்றிய வீடுகளில் சாதாரணமாகக் காணக்கூடிய வகை. கொம்பனியின் பெயர் இங்கே தேவையில்லை. நான் சொல்லப்போகிற பிரச்சினை எந்தக் கொம்பனி மெஷினிலும் வரக்கூடியது.

நல்லதை முதலில் சொல்ல வேண்டும். பழைய ஃபேர்னஸ் தடாரென்று பற்றி, வீட்டைப் புழுங்க வைத்து, பிறகு நின்று விறைக்க விடும். இது பெரும்பாலான நாட்களில் சின்ன ஸ்டேஜிலேயே நெடுநேரம் மெதுவாக ஓடுகிறது. மேல்மாடி அறைக்கும் ஹோலுக்கும் இருந்த சூட்டு வித்தியாசம் நன்றாகக் குறைந்துவிட்டது. விடியப்புறம் அம்மா எழும்பி சாமி அறைக்குப் போகும்போது இப்போதெல்லாம் ஸ்வெட்டர் தேடுவதில்லை. காஸ் பில்லும் குறைந்தது. இதில் எந்தக் குறையும் சொல்ல மாட்டேன்.

நான் எதிர்பார்க்காத சந்தோஷம் ஒன்றும் உண்டு: கீழ்க்கதவில் இருக்கிற சின்னக் கண்ணாடித் துளைக்குள் மினுங்கும் சிவப்பு விளக்கு. ஃபேர்னஸ் நின்றால் ஏன் நின்றது என்று அது மினுங்கிச் சொல்லும். எத்தனை தரம் மினுங்கினால் என்ன அர்த்தம் என்ற அட்டவணை கதவின் உட்புறத்தில் ஒட்டியிருக்கிறது. கொம்பனிக்குக் கொம்பனி கணக்கு மாறும். என்னுடையதில் மூன்று மினுக்கம் என்றால் பிரஷர் சுவிட்ச். அந்த அட்டவணையை போனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன். கதவைத் திறந்தால் சேஃப்டி சுவிட்ச் கரண்டை நிறுத்திவிடும், சில மெஷின்களில் விளக்கின் நினைவும் அழிந்துவிடும். ஆகவே முதலில் துளைக்குள் பார்த்து எண்ணுங்கள், பிறகு கதவில் கை வையுங்கள்.

சரி, இது எப்படிப் பற்றுகிறது என்று தெரிந்தால்தான் என் எரிச்சல் விளங்கும். தெர்மோஸ்டாட் சூடு கேட்டதும் முதலில் காஸ் வராது. முதலில் ஒரு சின்ன மோட்டர் சுழன்று, எரிகிற அறையில் உள்ள காற்றை வெளியே போகும் பைப் வழியாக உறிஞ்சித் தள்ளும். அந்த உறிஞ்சல் போதுமான அளவு இருக்கிறதா என்று மெல்லிய ரப்பர் குழாய் வழியாக உணர்ந்து பார்ப்பதுதான் பிரஷர் சுவிட்ச். அது சரி என்றால்தான் நெருப்பு மூட்டும் இக்னைட்டர் சிவந்து சூடேறும், அதன் பிறகே காஸ் வால்வு திறக்கும். பற்றியது உண்மைதானா என்பதை ஒரு மெல்லிய கம்பி சுவாலைக்குள் நின்று பார்க்கும். சில விநாடிகளில் அதற்கு நெருப்புத் தெரியாவிட்டால் காஸ் நின்றுவிடும். சில தரம் முயன்று பார்த்து, சரிவராவிட்டால் தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும்.

அதாவது புகை வெளியே போக வழி இல்லையென்றால் இந்த மெஷின் நெருப்பே மூட்டாது. நல்ல குணம். அதே குணம்தான் ஜனவரியில் நடுச்சாமம் என் பிள்ளைகளை ஜாக்கெட்டோடு படுக்க வைத்தது.

அன்றிரவு அவசரத்துக்குக் கூப்பிட்டு ஒரு டெக்னீஷியன் வந்தார். மூன்று மினுக்கத்தைப் பார்த்தார். பிரஷர் சுவிட்சிலிருந்து இரண்டு வயரையும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, "அண்ணை, இதை நேரா இணைச்சு விட்டா இரவுக்கு ஓடும். நாளைக்குப் பாட்ஸோட வாறன்" என்றார். நான் விடவில்லை. அவர் தொழிலில் இருக்கிறவர், அந்தச் சுவிட்ச் எதற்கு என்று அவருக்குத் தெரியாமல் இருக்க முடியாது. வெளியே போகும் வழி அடைபட்ட நிலையில் அதை எரியவிட்டால் காற்று போதாமல் அரைகுறையாக எரியும், காபன் மொனொக்சைட் உண்டாகும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. வந்ததற்கான காசைக் கொடுத்து அனுப்பிவிட்டு, எல்லோரும் ஹோலில் ஒன்றாகப் படுத்தோம். எனக்கு இன்றுவரை ஆறாத கோபம் இதுதான். குளிரில் நடுங்கும் குடும்பம் எதற்கும் தலையாட்டும் என்று தெரிந்துதான் இப்படிக் கேட்கிறார்கள்.

நாங்கள் தலையாட்டாததற்குக் காரணம் உண்டு. 2008 டிசம்பரில் ஒன்ராறியோவின் வூட்ஸ்டொக்கில் லோரி ஹோக்கின்ஸ் என்ற பொலிஸ் அதிகாரியும் அவருடைய கணவரும் இரண்டு பிள்ளைகளும் தங்கள் வீட்டுக்குள்ளேயே இந்த வாயுவால் இறந்துபோனார்கள். அவர்கள் வீட்டில் இருந்தது காஸ் ஃபயர்பிளேஸ், அதன் புகைவழி அடைபட்டிருந்தது. அந்தக் குடும்பத்தின் பெயரிலேயே ஹோக்கின்ஸ் ஜின்யாக் சட்டம் 2013 இல் வந்தது. 2014 ஒக்டோபரிலிருந்து, எரிபொருளால் ஓடும் சாதனம் உள்ள வீடுகளில் படுக்கும் இடங்களுக்குப் பக்கத்தில் காபன் மொனொக்சைட் அலாரம் இருக்க வேண்டும் என்பது ஒன்ராறியோவில் சட்டம்.

பிறகு வந்தவர் வேறு மாதிரி. ஜி2 என்ற காஸ் டெக்னீஷியன் லைசென்ஸ் உள்ள பெண், ஐம்பது வயதிருக்கும். ஃபேர்னஸைத் தொடவே இல்லை. பேஸ்மென்ட் சீலிங்கோடு ஓடுகிற வெள்ளை பைப்பை அண்ணாந்து பார்த்தபடி அதன் கீழாலேயே நடந்தார். பையிலிருந்து லெவலை எடுத்துப் பைப்பில் வைத்தார். குமிழி நடுவில் நிற்கவில்லை, தப்பான பக்கம் ஓடியது. நடுவில் தாங்குப்பட்டி ஒன்று போடாமல் விட்டிருந்தார்கள். பைப் அங்கே தொட்டில் மாதிரித் தொய்ந்து கிடந்தது. அடியில் வாளியை வைத்துவிட்டு அந்த இடத்தில் வெட்டினார். குளிர்ந்த தண்ணீர் கொடகொடவென்று விழுந்தது.

காரணம் இவ்வளவுதான். 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஃபேர்னஸ்கள் புகையில் உள்ள நீராவியையும் குளிரவைத்துத் தண்ணீராக்கி, அதிலுள்ள சூட்டையும் எடுத்துக்கொள்கின்றன. அதனால்தான் புகை பிளாஸ்டிக் பைப்பில் போகக்கூடிய அளவுக்கு ஆறிவிடுகிறது. அந்தப் பைப் ஃபேர்னஸை நோக்கிச் சரிந்திருக்க வேண்டும், ஒரு அடிக்குக் கால் அங்குலம். அப்போதுதான் தண்ணீர் திரும்பி வந்து ட்ராப் வழியாக வடிகாலுக்குப் போகும். சாதாரணக் குளிரில் தொய்ந்த இடத்தில் கொஞ்சம்தான் தேங்கும், காற்று அதைத் தாண்டிப் போய்விடும். கடுங்குளிரில் பெரிய ஸ்டேஜில் விடாமல் ஓடும்போது லீற்றர் கணக்கில் தண்ணீர் வரும், தேங்கி வழியை அடைக்கும், பிரஷர் சுவிட்ச் ஃபேர்னஸை நிறுத்திவிடும். குளிர் கூடக் கூட நின்றதன் மர்மம் அதுதான். மோட்டர் சுழலும்போது பைப்புக்குள் களக் களக் என்று கேட்ட சத்தம் இந்தத் தண்ணீர்தான். உங்கள் வீட்டில் அந்தச் சத்தம் கேட்டால் குளிர்காலம் முடியட்டும் என்று இருக்காதீர்கள்.

ஃபேர்னஸ் குற்றமற்றது என்று இப்போது ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் முழுதாக விடமாட்டேன். தண்ணீர் வடிகிற ட்ராப் என்ற சின்ன பிளாஸ்டிக் பெட்டியில் வருடத்தில் ஒரு தரமாவது வழுவழுவென்று அழுக்குப் படிகிறது. அதைக் கழுவ வேண்டும் என்று கொம்பனியின் புத்தகமே சொல்கிறது. கழுவச் சொல்கிற பொருளை புளோவருக்குப் பின்மூலையில், மணிக்கட்டுத் திரும்பாத இடத்தில், இரண்டு திருகாணிக்கும் ஒரு கிளிப்புக்கும் பின்னால் வைத்தது யார்? முன்பக்கம் வைக்க அங்கே தாராளமாக இடம் இருக்கிறது. வடிகிற தண்ணீர் கொஞ்சம் அமிலத்தன்மையானது, ஒழுகினால் கீழே உள்ள தகரத்தைத் தின்றுவிடும். என்னுடையதில் கிளிப் உடைந்து ஒழுகி, ஒரு மூலையில் துருப்பிடித்துவிட்டது. ஒரு கிளிப்புக்காக முழு ட்ராப்பையும் வாங்க வைத்தார்கள்.

மற்றபடி நான் செய்வது அதிகமில்லை. ஒரு அங்குல ஃபில்டரை மாதம் ஒரு தரம் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்க்கிறேன். நம்முடைய சமையலில் தாளிப்பும் மீன் பொரியலும் இருப்பதால், பெட்டியில் மூன்று மாதம் என்று போட்டிருந்தாலும் அதுவரை தாங்காது. ஃபில்டர் எவ்வளவு நுண்ணிய தூசியைப் பிடிக்கும் என்று காட்டும் மேர்வ் எண் கூடினால் நல்லது என்று 13 ஐ வாங்கி ஒரு அங்குலத்தில் திணிப்பவர்கள் காற்றோட்டத்தைத் தாங்களே அடைக்கிறார்கள். காற்று குறைந்தால் உள்ளே சூடு ஏறி லிமிட் சுவிட்ச் நிறுத்தும். ஆள் இல்லாத அறை என்று வென்ட்களை மூடி வைத்தாலும் அதேதான் நடக்கும். பனி கொட்டிய பிறகு பக்கச் சுவரில் காற்றை உள்ளே எடுக்கிற, புகையை வெளியே விடுகிற இரண்டு பைப்பையும் சுற்றிக் கையால் துப்புரவு செய்கிறேன். டிரைவ்வே பனியை அந்தப் பக்கம் தள்ள வேண்டாம் என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். பேர்னர், காஸ் அழுத்தம், ஹீட் எக்ஸ்சேஞ்சர் எல்லாம் லைசென்ஸ் உள்ளவர் வேலை. ஒவ்வொரு செப்டெம்பரும் அவரைக் கூப்பிடுகிறேன். காஸ் ஒழுகி அழுகிய முட்டை மணம் வந்தால் லைட் சுவிட்சைக்கூடத் தொடாமல் வெளியே போய், அங்கிருந்து காஸ் கொம்பனியின் அவசர எண்ணுக்கோ 911க்கோ எடுக்க வேண்டும். இதைச் சின்னவளுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்.

பேஸ்மென்டை வாடகைக்கு விடுகிற நம்மவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஃபேர்னஸ் அறையை ஸ்டோர் ரூம் ஆக்காதீர்கள். பெயின்ட் தின்னர், கார்ட்போர்ட் பெட்டி, தோய்த்த உடுப்புக் கொடி, எல்லாவற்றையும் நான் வீடு வீடாகப் பார்த்திருக்கிறேன். கீழே படுப்பவர்கள்தான் ஃபேர்னஸுக்கு மிகவும் கிட்ட இருக்கிறார்கள். அவர்கள் அறைக்கு வெளியே அலாரம் போடுவது வீட்டுக்காரர் கடமை. அலாரத்தின் பின்புறம் காலாவதித் திகதி இருக்கும், பெரும்பாலும் 7 இலிருந்து 10 வருடம். பட்டன் அமத்தினால் சத்தம் வருகிறது என்பதற்காகப் பழையதை வைத்திருக்காதீர்கள். காய்ச்சல் இல்லாமல் வீட்டில் எல்லோருக்கும் ஒன்றாகத் தலையிடியும் வயிற்றுப் புரட்டலும் வந்து, வெளியே போனால் குறைகிறது என்றால் அது காபன் மொனொக்சைட்டாக இருக்கலாம், குளிசை தேடாமல் வெளியேறுங்கள்.

கரண்ட் போனால் காஸ் ஃபேர்னஸும் ஓடாது. 2013 டிசம்பர் ஐஸ் புயலில் ரொறொன்ரோவே அதைப் பார்த்தது. பார்பிக்யூ அடுப்பையும் ஜெனரேட்டரையும் வீட்டுக்குள்ளும் கராஜுக்குள்ளும் ஓடவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உண்டு, ஒன்ராறியோவில் உயிர் போனதும் உண்டு. குளிர் தாங்காவிட்டால் சொந்தக்காரர் வீட்டுக்குப் போவதுதான் வழி.

மச்சானுக்கு இன்னொன்று. வாங்கப்போகிற வீட்டில் ஃபேர்னஸ் சொந்தமா வாடகையா என்று லோயரிடம் எழுத்தில் கேள். வீட்டு வாசலுக்கு வந்து ஃபேர்னஸ் விற்பதை ஒன்ராறியோ 2018 மார்ச்சிலேயே தடைசெய்தது. இப்படிப்பட்ட வாடகைப் பொருட்களுக்காக வீட்டுப் பத்திரத்தில் உரிமைப் பதிவு போடுவதையும் 2024 இல் நிறுத்தியது. ஆனால் பழைய ஒப்பந்தங்கள் வீட்டோடு சேர்ந்து தலையில் விழலாம்.

என் தீர்ப்பு என்ன? சூடு நல்லது, சத்தம் இல்லை, பில் குறைவு, ஆபத்து என்றால் தானே நின்றுவிடும். ஆனாலும் இதே மெஷினை மறுபடியும் வாங்க மாட்டேன். அந்த ட்ராப்புக்குப் பின்னால் கையை விட்டுத் தோலுரிந்தவன் சொல்கிறேன், முன்பக்கம் ட்ராப் உள்ளதுதான் வேண்டும். மச்சான், நீ கொம்பனியைக் கேட்பதை விடு, போடுகிற ஆளைக் கேள். வீட்டை அளந்து வெப்பக் கணக்குப் போடாமல் பழையது என்ன அளவோ அதையே எழுதுகிறவன் வேண்டாம். ஒன்ராறியோவில் காஸ் வேலையைக் கண்காணிக்கும் டிஎஸ்எஸ்ஏயின் பதிவு எண்ணை வாங்கிச் சரிபார். வேலை முடிந்ததும் காசு கொடுக்க முன்னம் பைப்பில் லெவலை வைத்துக் காட்டச் சொல். லெவல் இல்லாவிட்டால் என்னுடையது இருக்கிறது, வந்து எடுத்துக்கொண்டு போ.