தமிழ்மொழிக் கழகச் செயலாளர் பதவி: தோட்டத்துப் பிள்ளைகள் எடுக்கலாமா?

இடைநிலைப்பள்ளித் தமிழ்மொழிக் கழகத்தின் ஆண்டுக் கூட்டத்தில் தலைவர் பதவிக்கு நாலைந்து பேர் நிற்பார்கள். செயலாளர் யார் என்றதும் எல்லாருடைய தலையும் குனிந்துவிடும். எங்கள் கணிப்பில் கழகப் பதவிகளிலேயே பிள்ளைக்கு அதிகம் தருவது அதுதான். மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற தோட்டத்து ஊரில் படிவம் 4-இல் படிக்கும் பிள்ளை ஒரே ஒரு பதவிதான் எடுக்க முடியும் என்றால், செயலாளர் பதவியை எடுக்கட்டும்.

பெற்றோர் முதலில் கேட்பது புள்ளியைப் பற்றி. அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான யூ.பி.யூ. மெரிட் கணக்கில் தேர்வுக்கு 90 விழுக்காடு, புறப்பாடத்துக்கு 10. பள்ளி கணக்கிடும் அந்தப் புறப்பாடப் புள்ளிக்குள் வருகை, பதவி, பங்கேற்பு, அடைவு என்று பல கூறுகள் உண்டு. பதவி அவற்றில் ஒன்றுதான். வருகைக்கு அதைவிட எடை அதிகம். தலைவராகப் பெயர் கொடுத்துவிட்டுப் பாதிக் கூட்டங்களுக்கு வராத பிள்ளையைவிட, ஒரு கூட்டமும் தவறாத சாதாரண உறுப்பினரே முந்திவிடலாம். புள்ளிக்காக மட்டும் பதவி தேடுகிறவர்கள் இதை முதலில் மனத்தில் வைக்க வேண்டும்.

உண்மையான ஆதாயம் எழுத்தில் இருக்கிறது. தமிழ்ப்பள்ளியிலிருந்து வரும் பிள்ளைக்குப் பேச்சு மலாய் வந்துவிடும், அலுவலக மலாய் வராது. கழகத்தின் மினிட் மெஷுவாராட், அதாவது கூட்டக் குறிப்பு, மலாயில்தான் அலுவலகத்துக்குப் போகிறது. தேதி, நேரம், இடம், வந்தவர்கள், தலைவர் உரை, சென்ற கூட்டக் குறிப்பை உறுதிப்படுத்துதல், அதிலிருந்து எழும் விஷயங்கள், பிற, ஒத்திவைப்பு என்று வரிசை. வலது ஓரத்தில் 'திண்டாக்கான்' (நடவடிக்கை) என்றொரு பத்தி இருக்கும். அந்த வேலையை யார் செய்வது என்று அங்கே பெயர் எழுத வேண்டும். புதுச் செயலாளர்கள் தவறுவது பெரும்பாலும் அங்கேதான். 'அனைவரும்' என்று எழுதினால் பொங்கல் விழாவுக்குக் கரும்பு வாங்க ஒருவரும் போகமாட்டார்கள். ஓர் ஆளின் பெயரை எழுதி, அடுத்த கூட்டத்தில் அதையே எடுத்துக் கேட்டால் வேலை நடக்கும். கூட்டம் முடிந்த அன்றிரவே எழுதிவிடுவது நல்லது. இரண்டு நாள் தள்ளினால் யார் வழிமொழிந்தார் என்பதே மறந்துபோகும்.

அடுத்தது கெர்தாஸ் கெர்ஜா, அதாவது நிகழ்ச்சிக்கு அனுமதி கேட்டு எழுதும் திட்டத் தாள். பொங்கல் விழாவையே எடுத்துக்கொள்வோம். பெயர், நோக்கம், நாள், இடம், குழு, நிகழ்ச்சி நிரல், செலவு மதிப்பீடு என்று நாலைந்து பக்கம் வரும். பொறுப்பாசிரியர், புறப்பாடத் துணை முதல்வர், முதல்வர் என்று மூன்று மேசை தாண்ட வேண்டும். மூன்று வாரமாவது முன்னதாகக் கொடுக்க வேண்டும். எந்தத் தேதியில் யார் கையில் கொடுத்தோம் என்று ஒரு நோட்டில் குறித்து வைத்தால்தான் தாள் எங்கே நிற்கிறது என்று கேட்க முடியும். 2026-இல் பள்ளியாண்டு மறுபடியும் ஜனவரிக்குத் திரும்பிவிட்டது. பள்ளி திறந்த வாரத்திலேயே பொங்கலும் வந்தது. ஆகவே பழைய செயலாளரே ஆண்டிறுதி விடுமுறைக்கு முன் தாளை எழுதிக் கொடுத்துவிட வேண்டும், இல்லையேல் விழாவைத் தை மாதக் கடைசிக்குத் தள்ள வேண்டும். அழைப்பிதழ் தமிழில், தாள் மலாயில். ஒரே விஷயத்தை இரண்டு மொழியிலும் முறையாக எழுதப் பழகிய பிள்ளை நேர்முகத் தேர்வில் திணறுவதில்லை. ஆசிரியர் பயிற்சிக் கழக நேர்காணலில் புறப்பாட அனுபவம் பற்றிய கேள்வி வரும்போது, சான்றிதழைக் காட்டுவதோடு நிற்காமல் செய்த வேலையைச் சொல்லத் தெரிகிறது.

இனி குறை. எல்பில், ஹீவூட் தோட்டங்களின் பக்கம் வீடு திரும்புகிற பிள்ளைக்குப் பெரிய தடை பஸ்தான். புறப்பாட நாளில் மாலை வரை இருந்துவிட்டால் வீடு திரும்ப வண்டி வேண்டும். தலைவர் பதவி இதில்தான் தோட்டத்துப் பிள்ளையை வாட்டுகிறது, எல்லா ஒத்திகைக்கும் நின்றாக வேண்டும். செயலாளர் வேலையில் பாதியை ஓய்வு நேரத்திலும் வீட்டிலும் முடித்துவிடலாம். பதவிக்கு ஒப்புக்கொள்வதற்கு முன்பே கூட்ட நாளைப் பொறுப்பாசிரியரிடம் கேட்டு, அன்றைக்கு யார் ஏற்றிவருவது என்று வீட்டில் பேசி வைக்க வேண்டும்.

பொருளாளர் பதவி கணக்கில் நிதானம் உள்ள பிள்ளைக்குச் சரி. காசைச் சொந்தப் பர்ஸில் போடவே கூடாது. பள்ளி அலுவலகத்தில் கட்டி ரசீது வாங்க வேண்டும். பேரங்காடி ரசீதின் எழுத்து சில மாதத்தில் வெளுத்துவிடும், வாங்கிய அன்றே ஃபோட்டோஸ்டாட் எடுத்து இரண்டையும் சேர்த்துக் குத்தி வைக்க வேண்டும். துணைத்தலைவர் பதவியில் கற்றுக்கொள்ளக் குறைவு.

எந்தப் பதவியானாலும் நியமனக் கடிதத்தைக் கையோடு வாங்கிக் கோப்பில் வையுங்கள். ஆண்டு முடிவதற்குள் பொறுப்பாசிரியரிடம் போய், பள்ளியின் புறப்பாடத் தகவல் முறையில் பதவி சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். செயலாளராக உழைத்த பிள்ளை சாதாரண உறுப்பினர் என்று பதிவாகிக் கிடப்பதுண்டு. ஆசிரியர் மாற்றலாகிப் போன பிறகு அதைத் திருத்த அலைய வேண்டும். அந்தக் கடிதம் இருந்தால் அலைச்சல் குறையும்.