நாட்டுக்கோழிக் கொட்டகைக்கு ஃபிளேம் கன் வாங்கலாமா?

பேட்ச் மாறினாலும் மூன்று, நான்கு வாரக் குஞ்சுகள் இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் ஒதுங்கி, எச்சத்தில் ரத்தம் காட்டுகிறதா? மருந்தோடு நிற்காமல் தரையையும் பாருங்கள். ரத்தக் கழிச்சல் கிருமியான காக்சிடியா, எச்சத்தோடு வெளியே வரும்போது தடித்த ஓட்டுக்குள் இருக்கும். பினாயிலுக்கும் பிளீச்சிங் பவுடருக்கும் அந்த ஓடு அசையாது, சூட்டுக்குச் சாகும். கேஸில் எரிந்து, குழாய் முனையில் நெருப்பைப் பீய்ச்சித் தரையைச் சுடும் ஃபிளேம் கன் அதனால்தான் காசுக்குத் தகும்.

ஆனால் பலர் அதை வைத்துத் தரையில் கிடக்கும் இறகை மட்டும் பொசுக்கிவிட்டு வந்துவிடுகிறார்கள். வேகமாக வீசிக்கொண்டே போனால் தரை சூடேறாது. முதலில் பழைய கூளத்தை முழுக்க அள்ளி வெளியேற்றுங்கள். காய்ந்த தீவனத்தூள் இருந்தால் தீப்பிடிக்கும். ஒட்டிய எச்சத்தைச் சுரண்டி, சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். ஈரத்தில் அடித்தால் பாதிச் சூடு தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும், சிமென்ட் தரை பட்டென்று தெறிக்கவும் செய்யும். பிறகு அடிமேல் அடி வைத்து மெதுவாக நகர்த்துங்கள். சுவரும் தரையும் சேரும் மூலை, செங்கல் இடுக்கு, இரும்புக் கம்பம் ஆகியவற்றில் கூடுதல் நேரம் காட்டுங்கள். பகலில் செள்ளும் உண்ணியும் ஒளிவது அந்த இடுக்குகளில்தான்.

கீற்றுக் கொட்டகை, மூங்கில் பரண் உள்ளவர்கள் இதை வாங்கவே வேண்டாம். பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாய் உருகிவிடும். கல்வனைஸ்டு வலையில் நெருப்பு நின்றால் துத்தநாகப் பூச்சு போய்ச் சீக்கிரம் துருப்பிடிக்கும், அந்தப் புகையும் நுரையீரலுக்கு ஆகாது. வீட்டு அடுப்பு ரெகுலேட்டர் இதற்குப் போதாது. ஹை பிரஷர் ரெகுலேட்டர், அதற்கேற்ற ஓஸ் இரண்டையும் சேர்த்தே விலை கேளுங்கள். இணைப்புகளில் சோப்பு நுரை தடவி, குமிழ் வராவிட்டால் மட்டும் பற்றவையுங்கள். சிலிண்டர் நிமிர்ந்தே இருக்கட்டும்.

வெள்ளைக்கழிச்சலுக்கு (ராணிக்கெட் நோய்) இது தீர்வு அல்ல, அதற்குத் தடுப்பூசிதான்.

தரை ஆறியபின் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, காய்ந்த உமியை 2 முதல் 3 அங்குலம் பரப்புங்கள். தண்ணீர்த் தட்டைச் சுற்றி உமியை ஒரு பிடி எடுத்து அழுத்திப் பாருங்கள். உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம். அந்த ஈரத்தில் மிச்சமிருக்கும் காக்சிடியா ஓரிரு நாளிலேயே நோய் பரப்பத் தயாராகிவிடும். அந்த இடத்து உமியை அன்றைக்கே மாற்றி, தட்டைக் குஞ்சின் முதுகு உயரத்துக்குத் தூக்கி வையுங்கள்.