வெஸ்நாத்: பொழுது பார்த்து அடிக்கும் ஆட்டம்

ஜூலையில் ஒரு நாள் மும்பை சுனாபட்டியில் தண்டவாளம் மூழ்கி ஹார்பர் லைன் ரயில் நின்றுபோனது. வாஷி மார்க்கெட்டில் மசாலா மொத்த வியாபாரக் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறவன் நான். அன்று ஜிடிபி நகர் ஸ்டேஷன் வரை போய், நனைந்து திரும்பிவந்தேன். எங்களோடு தங்கி ஜூனியர் காலேஜ் படிக்கும் தங்கை மகன் என் பழைய லேப்டாப்பில் ஒரு கேமை ஏற்றிவைத்திருந்தான். "மாமா, இது உங்களுக்குப் பிடிக்கும். கணக்கு இருக்கு, சண்டையும் இருக்கு, உட்காருங்க" என்றான். அதுதான் 'தி பேட்டில் ஃபார் வெஸ்நாத்'. எனக்கு 47 வயது. அதற்கு முன் கம்ப்யூட்டரில் நான் ஆடியது சீட்டாட்டம் மட்டும்தான். ஆறு வாரமாக ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் இதுதான் வேலை. புதிதாக வருகிறவன் கண்ணில் இந்த ஆட்டம் எப்படிப் பட்டது என்று எழுதிவைக்கத் தோன்றியது.

முதலில் ஒரு விஷயம்: இது இலவசம். டேவிட் வைட் என்பவர் 2003-இல் தொடங்கியது, 1.0 வடிவம் 2005-இல் வந்தது. அன்றிலிருந்து தன்னார்வலர்கள் சேர்ந்து வளர்த்துக்கொண்டே வருகிறார்கள். மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. விளம்பரம் கிடையாது, காசு கொடுத்தால் வலுவான வீரன் கிடைப்பான் என்கிற வியாபாரமும் கிடையாது. ஒருமுறை இறக்கிவிட்டால் இணையம் இல்லாமலே ஆடலாம். என் லேப்டாப்பில் வேறு எந்தப் புது கேமும் ஓடாது, இது ஓடுகிறது.

ஆட்டம் இப்படி. தரை முழுக்க அறுகோணக் கட்டங்கள். நீ ஒரு சுற்று, நான் ஒரு சுற்று. கோட்டையில் நிற்கும் தலைவன் பொன் கொடுத்து ஆள் எடுக்கிறான். ஊர்களைப் பிடித்தால் வருமானம், காயம்பட்டவன் ஊருக்குள் போய் ஒரு சுற்று இருந்தால் 8 புள்ளி உயிர் திரும்பும். ஆளுக்குப் படிச்செலவும் உண்டு. முதல் லெவல் வீரனுக்குச் சுற்றுக்கு ஒரு பொன், கையில் இருக்கும் ஊர்களின் எண்ணிக்கை வரை அது தள்ளுபடி. கடைக்கணக்கு எழுதுகிறவனுக்கு இது ஒரே நிமிடத்தில் புரிந்துவிட்டது. எதிரி பக்கத்தில் வந்து நின்றால் அவனைத் தாண்டி ஓட முடியாது, நின்றே ஆகவேண்டும். அதனால் இரண்டு இரண்டு கட்டம் இடைவெளி விட்டு ஆட்களை நிறுத்தினாலே வேலி போட்ட மாதிரி. இவ்வளவுதான் விதி. பயிற்சி ஆட்டம் ஒன்றும் கூடவே இருக்கிறது, அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

என்னை உட்காரவைத்தது பகலும் இரவும்தான். ஆறு சுற்றுக்கு ஒரு நாள் முடிகிறது: விடியல், காலை, பிற்பகல், அந்தி, முன்னிரவு, பின்னிரவு. மனிதப் படையில் பெரும்பாலானவர்களுக்குப் பகலில் அடி 25 சதவீதம் கூடும், இரவில் 25 சதவீதம் குறையும். ஓர்க் என்கிற அரக்கக் கூட்டத்துக்கும், எலும்புக்கூடுகள் போன்ற செத்தவர் படைக்கும் அப்படியே தலைகீழ். ஈட்டிக்காரன் ஒரு குத்துக்கு 7 என்றால் காலையில் 9, இரவில் 5. ஓர்க் கூட்டத்தின் சாதாரண அடியாள் கிரன்ட். அவன் வெட்டு 9. இரவில் 11, பகலில் 7. எண்ணாகப் பார்த்தால் சின்ன வித்தியாசம். ஆடிப் பார்த்தால் ஒரே ஆற்றங்கரை பகலில் என்னுடையது, இரவில் அவனுடையது. அந்தி சாயும்போது பின்வாங்கத் தெரியாதவன் விடியலைப் பார்க்கமாட்டான்.

எனக்கு அது முதல் வாரம் தெரியவில்லை. ஒரே கம்ப்யூட்டரில் மாறிமாறி உட்கார்ந்து இருவர் ஆடலாம். நான் மனிதப் படை, மருமகன் ஓர்க். ஆளுக்கு 100 பொன். ஈட்டிக்காரன் விலை 14, கிரன்ட் விலை 12. எனக்கு ஏழு பேர், அவனுக்கு எட்டு. பகல் முழுக்க விரட்டிக்கொண்டே போனேன். பிற்பகல் முடிந்தபோது என் முன்னணி ஆள் ஆற்றுக்குள் நின்றான்.

"மாமா, தண்ணில நிறுத்தாதீங்க."

"உன் பக்கம் ரெண்டு பேர் செத்துட்டாங்க, இன்னும் என்ன பயம்?"

"பொழுது சாயுதுல்ல, பாருங்க."

முன்னிரவில் மூன்று கிரன்ட் வந்து சூழ்ந்தார்கள். ஈட்டிக்காரனுக்கு உயிர் 36. முதலாமவனின் இரண்டு வெட்டும் விழுந்தது, 14 மீதி. இரண்டாமவன் ஒன்று தவறவிட்டான், ஒன்று விழுந்தது, 3 மீதி. மூன்றாமவன் முதல் வெட்டிலேயே முடித்துவிட்டான். என் அதிர்ஷ்டம் சரியில்லை என்று அன்று நான் சொன்னேன். மறுநாள் லோக்கல் ரயிலில் உட்கார இடம் கிடைத்தபோது பேப்பரில் போட்டுப் பார்த்தேன்.

ஆற்றுத் தண்ணீரில் நிற்கும் மனிதன் மேல் ஒவ்வொரு வெட்டும் விழ 80 சதவீத வாய்ப்பு. சமவெளியில் 60. ஊரிலோ கோட்டையிலோ 40. மூன்று கிரன்ட் என்றால் ஆறு வெட்டு. இரவில் 36 உயிரை எடுக்க நாலு வெட்டு விழவேண்டும். தண்ணீரில் நின்றால் அது நடக்க 90 சதவீதம். சமவெளியில் 54. ஊருக்குள் நின்றிருந்தால் 18. அதே மூவர் அதே ஊரில் பகலில் அடித்திருந்தால் ஆறு வெட்டும் தப்பாமல் விழுந்தால்தான் சாவு. ஆயிரத்தில் நாலு தடவை. ஆள் அதே ஆள், பகடையும் அதே பகடை. நின்ற இடமும் நின்ற நேரமும்தான் வேறு.

இந்தக் கேமைப் பற்றிப் புதியவர்கள் எல்லோரும் முதலில் சொல்லும் குறை 'எல்லாம் அதிர்ஷ்டம்' என்பதுதான். எனக்கு அது இப்போது சரியென்று படவில்லை. தாயத்தில் தாயம் விழாவிட்டால் காயே இறங்காது. அங்கே நம் கையில் ஒன்றுமில்லை. இங்கே எத்தனை தடவை பகடை உருட்டுவது, எந்த இடத்தில் உருட்டுவது என்பது நம் கையில் இருக்கிறது. அடிப்பதற்கு முன்னாலேயே கணக்குச் சன்னலைத் திறந்தால், எத்தனை சதவீதம் பிழைப்பான், எவ்வளவு உயிரோடு மிஞ்சுவான் என்று கட்டம் கட்டமாகக் காட்டிவிடுகிறது. ஒளிவுமறைவே இல்லை. ஆனாலும் ஒரு மந்திரவாதியின் மூன்று வீச்சும் தவறும் நாள் வரும். மந்திரத்துக்கு எந்த இடத்திலும் 70 சதவீதம் உறுதி, மூன்றும் தவற நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. அந்த மூன்று என் ஆட்டத்தில் வந்தபோது நெஞ்சு எரிந்தது உண்மை. அப்படி ஒன்று தவறினால் முழுப்போரும் சரிந்துவிடும் என்கிற நிலையில் போய் நின்றது என் தப்புதான் என்று இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

சமநிலை பற்றிச் சொல்ல எனக்குத் தெரிந்த உவமை ஒன்று உண்டு. திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்துத் தரையில் கரியால் கோடு போட்டு ஆடு புலி ஆட்டம் ஆடுவோம். மூன்று புலி, பதினைந்து ஆடு. புலி தாண்டி வெட்டும், ஆடு வெட்டாது, அடைக்கும். இரண்டும் ஒன்றே அல்ல. ஆனாலும் ஆட்டம் நியாயமாக இருக்கும். வெஸ்நாத்தில் வழக்கமாக ஆடும் ஆறு படைகளும் அந்த வகைதான். ட்ரேக் என்று நெருப்பு கக்கும் பறக்கும் இனம் ஒன்று. முதலில் பார்த்தபோது இதை எப்படி வெல்வது என்று மலைத்தேன். உயிர் அதிகம், நடைக்குத் தடையில்லை. பிறகுதான் கவனித்தேன், அத்தனை பெரிய உடம்பு எங்கே ஒளியும்? எவ்வளவு நல்ல இடத்தில் நின்றாலும் 60 சதவீதம் அடி விழும், குத்து ஆயுதத்துக்கு 20 சதவீதம் கூடுதலாகவே நோகும். பதினாலு பொன் ஈட்டிக்காரன் அங்கே ராஜா. அதே ஈட்டிக்காரனை எலும்புக்கூட்டின் முன் நிறுத்தினால் 7 வெறும் 3 ஆகிவிடுகிறது. எலும்பில் ஈட்டி எங்கே இறங்கும்? அங்கே கதாயுதம் வேண்டும், நெருப்பு வேண்டும். செத்தவர் படையின் மந்திரச் சீடன் எட்ட நின்று அடித்தால் தாங்க முடியாது, ஆனால் கிட்டே போய் வெட்டினால் திருப்பி அடிக்க அவனிடம் ஒரு கத்திகூடக் கிடையாது. ஆகவே எதிரி யாரை எடுக்கிறான் என்று பார்த்து ஆள் எடுப்பதிலேயே பாதி ஆட்டம் முடிந்துவிடுகிறது. எந்தப் படை வலுவானது என்று மருமகனிடம் முதல் வாரம் கேட்டுக்கொண்டே இருந்தேன். இப்போது கேட்பதில்லை.

இனி மனக்குறை. இரண்டு இருக்கிறது.

தனியாக ஆடக் கதைத்தொடர்கள் நிறைய இருக்கின்றன. நான் 'எ டேல் ஆஃப் டூ பிரதர்ஸ்' என்கிற நாலு கட்டக் கதையில் ஆரம்பித்தேன், சுகமாக முடிந்தது. அடுத்து 'ஏர் டு த த்ரோன்'. இளவரசன் கோன்ராட் ஓர்க்குகளிடமிருந்து தப்பிப் போகும் கதை. முதல் கட்டத்தில் தப்பித்துப் போனால் போதும் என்றுதான் இலக்கு. நான் எல்லாரையும் கொன்றுதான் போவேன் என்று நின்று, பொன்னெல்லாம் கரைத்து, ஒருவழியாகத் தப்பினேன். மிச்சப் பொன்னில் ஒரு பங்கும் உயிரோடிருக்கும் வீரர்களும்தான் அடுத்த கட்டத்துக்குக் கூடவரும். நான் செய்த தப்புக்குத் தண்டனை மூன்று கட்டம் தள்ளித்தான் கிடைத்தது, அப்போது திரும்பிப்போக வழியில்லாமல் முதலிலிருந்து தொடங்கினேன். புதியவனுக்கு இதை ஆரம்பத்திலேயே அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொன்று, கம்ப்யூட்டர் ஆடும் விதம். தூண்டிலில் புழு வைத்தால் வந்து கடிக்கிறது. ஒரு ஆளை முன்னால் தள்ளிவைத்தால் பகல் இரவு பார்க்காமல் பாய்ந்துவருகிறது. எண்ணிக்கையால்தான் திணறடிக்கிறதே தவிர யோசனையால் அல்ல. இந்த ஆட்டத்தின் ஆழம் எதிரே ஒரு மனிதன் உட்கார்ந்தால்தான் தெரியும்.

கதைத்தொடரில் எனக்குக் கிடைத்தது வேறு ஒன்று. வீரர்களுக்குப் பெயர் மாற்றலாம். காட்டுவாசிப் படையில் வைத்தியக்காரி ஒருத்திக்கு வள்ளி என்று பெயர் வைத்தேன். அவள் அடி 3 தான். ஆனால் அவள் அடித்தவனுக்கு அந்தச் சுற்றில் பலமும் நடையும் பாதியாகிவிடும். சண்டை போட்டால் எதிரியின் லெவல் அளவுக்குத்தான் அனுபவப்புள்ளி, கடைசி அடி கொடுத்தால் எட்டு மடங்கு. அதனால் மற்றவர்கள் அடித்துச் சாய்த்த ஓர்க்குக்கு 2 உயிர் மிச்சம் வைத்துவிட்டு வள்ளியை முன்னால் கொண்டுவருவேன். இரண்டு வீச்சில் ஒன்று விழுந்தால் போதும். விழாவிட்டால் அவள் எதிரி வரிசையில் தனியாக நிற்பாள். ஒவ்வொரு தடவையும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் அழுத்துவேன். அவள் அடுத்த லெவலுக்குப் போன அன்று காயமெல்லாம் ஆறி முழு உயிரோடு நின்றாள், நான் மருமகனை எழுப்பிக் காட்டினேன். ராத்திரி ஒரு மணி. "மாமா, சூப்பர்" என்று சொல்லிவிட்டு அப்படியே தூங்கிவிட்டான்.

படங்கள் பழைய பாணி, சின்னச் சின்னப் பொம்மைகள். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. இசை அருமை. ஆறு வாரத்தில் நானும் அவனும் பதினெட்டு ஆட்டம் ஆடினோம், நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்திருக்கிறேன்: அவன் பதினொன்று, நான் ஏழு. ஏழில் ஐந்து கடைசி இரண்டு வாரத்தில் வந்தவை.

ஞாயிற்றுக்கிழமை அவன் ட்ரேக் எடுக்கப்போகிறானாம். நான் முதல் சுற்றில் ஈட்டிக்காரர் ஐந்து பேர், மந்திரவாதி ஒருவன் எடுப்பதாக இருக்கிறேன். 90 பொன் ஆகும். மீதி 10-ஐ அப்படியே வைத்திருப்பேன்.