மண் ஈரம் எங்கே நிற்கும்: உயர வரைபடமா, செயற்கைக்கோளா?

முதலிலேயே என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். மழைக்காலத்தில் நான் உயர வரைபடத்தின், அதாவது நிலம் எங்கே எவ்வளவு உயரம் என்று காட்டும் படத்தின், பக்கம். கோடையில் அதை மூடி வைத்துவிடுவேன்.

உயர வரைபடத்திலிருந்து ஈரத்தைக் கணிக்கும் வழிகளில் பழையது டி.டபிள்யூ.ஐ. என்ற ஈரக் குறியீடு. பெவன், கிர்க்பி என்ற இரண்டு நீரியல் ஆய்வாளர்கள் 1979-இல் வெளியிட்டது. ஓர் இடத்துக்கு மேலே எவ்வளவு பரப்பிலிருந்து தண்ணீர் இறங்கி வருகிறது, வந்தது எவ்வளவு எளிதாக வடிந்து போகிறது, இந்த இரண்டுதான் கணக்கு. சரிவுக்குக் குறுக்கே ஒரு மீட்டர் அகலத்துக்கு மேலிருந்து வடியும் பரப்பை எடுத்து, சரிவால் வகுத்து, இயல் மடக்கை (ln) எடுக்க வேண்டும். மேட்டு ஓரத்தில் பரப்பு 30 சதுர மீட்டர், சரிவு நூற்றுக்கு 20 என்றால் 5 வரும். கீழே ஓடையோரத்தில் பரப்பு 1000, சரிவு நூற்றுக்கு 2 என்றால் 10.8. எண் கூடக் கூட ஈரம் கூடும். 30 மீட்டர் கட்டத்துக்கு ஓர் உயரம் என்று இலவசமாகக் கிடைக்கும் உயரத் தரவும், க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளும் இருந்தால் ஒரு மதியத்தில் முடிகிற வேலை.

சிக்கல் சமவெளியில் ஆரம்பிக்கிறது. சரிவு பூஜ்யமானால் வகுக்கவே முடியாது. மென்பொருள் ஏதோ ஒரு சின்ன எண்ணைத் தானாகப் போட்டுக்கொண்டு மேலே போய்விடும். டெல்டா வயலில் தண்ணீரை நிறுத்துவது முழங்கால் உயரம்கூட இல்லாத வரப்பு. 30 மீட்டர் கட்டத்துக்கு அது எங்கே தெரியப் போகிறது? இன்னொரு வேடிக்கையும் உண்டு. கணக்குக்கு முன்னால் உயரத் தரவில் உள்ள 'குழிகளை நிரப்பு' என்று ஒரு படி வரும். ஒருமுறை யோசிக்காமல் அதை ஓடவிட்டேன். வரைபடத்தில் இருந்த ஏரியும் இரண்டு குட்டைகளும் மேசைபோல் தட்டையாகிவிட்டன. ஈரம் தேடப் போய் ஏரியையே தூர்த்துவிட்டேன்.

ஹேண்ட் என்ற முறையில் இந்த வகுத்தல் தொல்லை இல்லை. பக்கத்து ஓடையைவிட அந்த இடம் எத்தனை மீட்டர் உயரம் என்று மட்டும் பார்க்கும். தட்டை நிலத்துக்கு இது பரவாயில்லை. ஆனால் ஓடை எங்கே தொடங்குகிறது என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த எல்லையைக் கொஞ்சம் நகர்த்தினால் படமே மாறும்.

சரி, செயற்கைக்கோள்? மண் ஈரத்தை அளக்கும் நாசாவின் ஸ்மாப் 2015 ஜனவரியில் மேலே போனது. அதிலிருந்த ரேடார் அதே ஆண்டு ஜூலையில் செயலிழந்தது. மிஞ்சியது மண்ணிலிருந்து வரும் நுண்ணலையை அளக்கும் ரேடியோமீட்டர். அதன் ஒரு கட்டம் சுமார் 36 கிலோமீட்டர். மூன்று சென்னை மாநகராட்சிகளை ஒரே கட்டத்தில் அடைத்துவிடலாம். அதுவும் மேல்மண் 5 சென்டிமீட்டர்தான். வேர் இருக்கும் ஆழத்தைப் பற்றி நேரடியாக ஒன்றும் சொல்லாது. ஆனால் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை புது அளவு தரும். உயர வரைபடத்தால் அது ஆகாது. ஐப்பசிக்கும் சித்திரைக்கும் அது காட்டுவது ஒரே படம்தான்.

அந்த ஒரே படத்தை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல சோதனை, ஆஸ்திரேலியாவில் மெல்போர்னுக்கு அருகே டாராவாராவில் நடந்தது. 10.5 ஹெக்டேர் மேய்ச்சல் நிலம். 13 முறை, ஒவ்வொரு முறையும் 500-க்கும் மேற்பட்ட இடங்களில், மேல் 30 சென்டிமீட்டர் மண்ணின் ஈரத்தை அளந்தார்கள். 1999-இல் வெளியான முடிவு இது: மண் நனைந்திருந்த நாட்களில், இடத்துக்கு இடம் ஈரம் மாறுவதில் அதிகபட்சம் 61 விழுக்காட்டை நிலவடிவமும் வெயில் படும் திசையும் சேர்ந்து விளக்கின. காய்ந்த நாட்களில் அதிகபட்சமே 22 விழுக்காடுதான். காரணம் எளிது. மண் நனைந்திருந்தால்தான் தண்ணீர் பக்கவாட்டில் நகர்ந்து பள்ளத்தில் கூடும். காய்ந்துவிட்டால் அந்த நகர்வு நின்றுபோகும். அப்புறம் ஒவ்வொரு இடமும் தன் வெயில், தன் மண், தன் செடி என்று தனித்தனியாகக் காயும். அப்போது மேலேயிருந்து எவ்வளவு பரப்பு வடிகிறது என்ற கணக்கைவிட வெயில் விழும் சரிவே அங்கே நல்ல துப்பு கொடுத்தது.

மண் வகை இந்தக் குறியீடுகளுக்குத் தெரியவே தெரியாது. கோவில்பட்டிப் பக்கம் கரிசல் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும்; அதே சரிவில் செம்மண் இருந்தால் சீக்கிரம் விட்டுவிடும். இரண்டுக்கும் ஒரே எண்தான் வரும்.

அதனால் நான் மழைக்காலத்தில் ஸ்மாப் தரும் சராசரியை எடுத்து, டி.டபிள்யூ.ஐ.யை வைத்துக் கட்டத்துக்குள் பங்கு போடுகிறேன். கோடையில் பங்கு போடுவது மண் வரைபடமும் வெயில் திசையும். எதுவானாலும் பத்து இடத்தில் மண் எடுத்து, 105 டிகிரியில் ஒரு நாள் உலர்த்தி எடை பார்க்காமல் விடுவதில்லை. அதில் ஒன்று கட்டாயம் ஏரிக்கரைக்கு வெளியே, கசிவு நீர் இறங்கும் இடத்தில். அங்கே கோடையிலும் கோரை பச்சையாக நிற்கும். வரைபடமோ வறண்ட நிறத்தைக் காட்டிக்கொண்டிருக்கும்.